‘சந்திக்கப்படாத மக்கள்’: ஒரு சொல்லாட்சியைக் குறித்து

நம் திருமண்டல இதழ்களிலும், நற்செய்திப் பணி இயக்கங்களின் விண்ணப்பக் குறிப்புகளிலும், அருட்பணி ஞாயிறு அருளுரைகளிலும் ‘சந்திக்கப்படாத மக்கள்’ என்னும் தொடர் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ‘எட்டப்படாதோர்’ என்று எழுதுவோரும் உளர். இரண்டுமே ஆங்கிலத்தில் பிறந்த ஒரு கலைச்சொல்லுக்கு ஈடாக அமைக்கப்பட்டவை. நம் இறையியல் மாணவர்கள் இத்தொடரை யாதொரு ஐயமுமின்றிக் கையாளுகின்றனர். ஐயமின்றிக் கையாளப்படும் சொல்லே திறனாய்வுக்கு முதலாவது உட்படுத்தப்பட வேண்டிய சொல் என்பது நம் கருத்து. தொலைதூர மாநிலங்களின் பணித்தளங்களைக் குறித்து இத்தொடர் வழங்கப்படுவதை நாம் இங்கு ஆராயப் புகவில்லை. நம் சேகர எல்லைக்குள்ளேயே, நம் ஆலய மணியோசை கேட்கும் தொலைவில் வாழும் மக்களைக் குறித்து இது வழங்கப்படும்போது என்ன நேருகிறது என்பதே நம் வினா.

முதலில் இச்சொல்லாட்சியின் பிறப்பை நினைவுகூர்வோம். டொனால்ட் மகாவ்ரன் 1897ஆம் ஆண்டு மத்திய இந்தியாவிலுள்ள தாமோ நகரில் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்தவர். சத்தீஸ்கர் பகுதியில் சத்நாமி மக்களிடையே பல ஆண்டுகள் உழைத்தவர். இந்தியத் திரள் இயக்கங்களைக் குறித்து வாஸ்கம் பிக்கெட் 1933இல் வெளியிட்ட ஆய்வு அவருடைய சிந்தையைத் திருப்பியது. தனிமனிதர்களை அவர்களுடைய உறவினின்று பிரித்தெடுத்து மிஷன் வளாகத்திற்குள் குடியேற்றும் பழைய முறை மலட்டு முறை என்று அவர் கண்டார். மக்கள் தம் இனம், மொழி, வகுப்பு ஆகிய எல்லைகளைத் தாண்ட வேண்டிய கட்டாயமின்றிக் கிறிஸ்தவர்களாகவே விரும்புகின்றனர் என்னும் கருத்தை 1955இலும் 1970இலும் வெளிவந்த தம் நூல்களில் நிலைநாட்டினார். அவரோடு இணைந்து பணியாற்றிய ரால்ஃப் விண்டர், 1974 ஜூலையில் லொசான் மாநகரில் கூடிய உலக நற்செய்தி மாநாட்டில், இக்கருத்தை இன்னும் ஒருபடி முன்னே கொண்டு சென்றார். ஒரே நாட்டில், ஒரே ஊரில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்தாலும் பண்பாட்டு இடைவெளியால் அவர்களுடைய சாட்சி எட்டாத மக்கள் கூட்டங்கள் உண்டு என்றும், அவர்களைக் காணாதிருக்கும் ஒருவகைக் குருடு நம்மைப் பிடித்திருக்கிறது என்றும் அவர் உரைத்தார். 1982இல் சிகாகோவில் கூடியோர் இதற்கொரு வரையறை வகுத்தனர். வெளியார் உதவியின்றித் தம் மக்களுக்கு நற்செய்தி அறிவிக்கத் தக்க எண்ணிக்கையும் வளமும் உடைய விசுவாசிகளின் சமூகம் எக்கூட்டத்திற்குள் இல்லையோ அதுவே அடையப்படாத கூட்டம் என்பது அவ்வரையறையின் சாரம். பின்னாளில் எழுந்த பட்டியல்கள் இதை நூற்றுக்கு இத்தனை விழுக்காடு என்று எண்களாக மாற்றிவிட்டன.

விண்டரின் உரையில் உண்மை இல்லாமலில்லை. நம் பேருந்து நிலையங்களில் ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவர் நம்மோடு தமிழில் விலை பேசுகின்றனர். தமக்குள்ளோ வாக்ரிபோலி என்னும் வேறொரு மொழி பேசுகின்றனர். அது தமிழோடு உறவுடையதன்று, வடஇந்திய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது. செந்தமிழில் அச்சிட்ட கைப்பிரதியை அவர்கள் கையில் திணித்துவிட்டு, ‘பேருந்து நிலைய ஊழியம் நடைபெற்றது’ என்று அறிக்கை எழுதும் வாலிபர் சங்கத்தாருக்கு விண்டரைப் படிக்கக் கொடுப்பது நலமே. பக்கத்தில் நிற்பவன் அயலானாக இருக்கக்கூடும் என்பதை அவர் தெளிவாகக் கண்டார். அதற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மகாவ்ரனையும் நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 1799இல் முதலூர் எழுந்த வரலாற்றை அறிந்தவர் எவரும் திரள் இயக்கத்தை இகழ்ந்து பேசத் துணியார். நம்மில் பலர் குடும்பம் குடும்பமாகவும் ஊர் ஊராகவும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். உறவு என்னும் வாய்க்கால் வழியே நற்செய்தி ஓடியதால்தான் தென்மாவட்டத் திருச்சபை உண்டாயிற்று.

ஆயினும் 1982ஆம் ஆண்டின் வரையறையை நம் சேகரத்திற்குள் கொண்டுவந்து பொருத்திப் பார்க்கும்போது ஓர் இடறல் தோன்றுகிறது. ஒரு சிற்றூரில் ஆலயம் இருக்கிறது. ஏரிக்கரையில் இருபது இருளர் குடிசைகள் இருக்கின்றன. பேசும் மொழியில் பெரும் வேற்றுமை இல்லை; ஒரே நியாயவிலைக் கடை, ஒரே வாக்குச்சாவடி. எனினும் அவ்வரையறையின்படி, ஏரிக்கரைக்குச் செல்லும் ஆலயத்தார் ‘வெளியார்’. அவர்கள் செய்வது ‘வெளியார் உதவி’. அரைக் கல் தொலைவில் வாழ்வோரை வெளியார் ஆக்கியது எது? மொழியன்று, மலையன்று, கடலன்று. அது சாதி. கலைச்சொல் இதைச் சொல்லுவதில்லை. ‘பண்பாட்டு இடைவெளி’ என்று மென்மையாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. பசிபிக் தீவொன்றில் அடுத்தடுத்த பள்ளத்தாக்குகளில் வெவ்வேறு மொழி பேசி வாழ்வோருக்கு இடையேயுள்ள இடைவெளியும், நம் ஊர்த் தெருவுக்கும் ஏரிக்கரைக்கும் இடையேயுள்ள இடைவெளியும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகின்றன. முன்னது மனிதர் பிரிந்து வாழ்ந்ததனால் விளைந்தது. பின்னதை ஒருவர்மேல் ஒருவர் சுமத்தினர்; சுமத்தியவர்களுள் நாமும் அடங்குவோம்.

இன்று உலகளவில் வெளியிடப்படும் மக்கள் கூட்டப் பட்டியல்களைப் புரட்டினால் இந்தியப் பகுதியில் சாதிப் பெயர்களே வரிசை வரிசையாக நிற்கக் காண்கிறோம். ஒவ்வொரு சாதியும் ஒரு ‘மக்கள் கூட்டம்’. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒரு விழுக்காடு. இவ்வாறு எழுதுவோர் சாதியைப் போற்றுகின்றனர் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. உள்ளதை உள்ளபடி குறிக்கிறோம் என்பது அவர்கள் வாதம். ஆனால் தமிழ்த் திருச்சபையின் வரலாறு அறிந்தவர்கள் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமையைத் திருச்சபை தாமதமின்றிக் கைவிட வேண்டும் என்று எழுதிய நிருபம் தமிழகச் சபைகளில் வாசிக்கப்பட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நேர்ந்த பிளவை நாம் அறிவோம். தனித்தனியே அமர்வதும் திருவிருந்துக் கிண்ணத்தை முன்பின்னாகப் பெறுவதும் உலக வழக்கமே, பாவமன்று என்று ஒரு சாரார் வாதாடினர். 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதியைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றிற்று. லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரால் அதற்கு மாறாக, சாதி ஒரு சமுதாய அமைப்பு, அதனைப் பொறுத்து நடத்த வேண்டும் என்றார். அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: வில்சன் பக்கம் நின்றவர்களின் வழிவந்தோம் என்று மேடையில் பெருமை பேசும் நாம், அருட்பணித் திட்டம் வகுக்கும்போது கிரால் பக்கம் போய் அமர்ந்துகொள்கிறோம். சாதியே பணியின் அலகு, சாதிக்கொரு சபையே வெற்றி என்றால், 1833இல் எழுந்து வெளியேறியவர்களைப் பிழையுடையோர் என்று எவ்வாறு கூறுவோம்?

லெஸ்லி நியூபிகின் 1978இல் வெளியிட்ட தம் நூலில் திருச்சபை வளர்ச்சிக் கொள்கையை எடைபோட்டதை மாணவர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். அவர் காஞ்சிபுரத்துத் தெருக்களிலும் மதுரைத் திருமண்டலத்துச் சிற்றூர்களிலும் நடந்து பழகியவர். ஆதலின் அவருடைய மறுப்பு, நூலக மேசையிலிருந்து எழுந்ததன்று.

இனி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலச் சொல் ‘எட்டுதல்’ என்னும் பொருளுடையது. கை நீட்டுபவன் ஒருவன், எட்டப்படுவது ஒரு பொருள். நம் முன்னோர் அதைத் தமிழாக்கும்போது, அறிந்தோ அறியாமலோ, ‘சந்தித்தல்’ என்னும் சொல்லைத் தெரிந்துகொண்டனர். இது நம் திருமறையின் சொல். யோசேப்பு மரணப்படுக்கையில் தன் சகோதரருக்குக் கொடுத்த உறுதிமொழியிலும், முட்செடியண்டை மோசே பெற்ற செய்தியிலும், மோவாபில் நகோமி கேள்வியுற்ற நற்செய்தியிலும் இச்சொல் வருகிறது. சகரியாவின் பாடலில் இருமுறை வருகிறது. நாயீனூர் விதவையின் மகன் எழுந்தபோது மக்கள் கூறிய சாட்சியிலும் வருகிறது. எபிரேயத்தில் ‘பாகத்’, கிரேக்கத்தில் ‘எபிஸ்கெப்டொமாய்’. இவ்விடங்களிலெல்லாம் சந்திக்கிறவர் ஆண்டவரே. மேலும், அவர் சந்திக்கும் மக்கள் அவருக்கு முன்னமே அறிமுகமானவர்கள். அவர்களுடைய கூக்குரல் அவர் செவியில் ஏற்கனவே விழுந்திருக்கிறது. அதே கிரேக்கச் சொல் மத்தேயு 25ஆம் அதிகாரத்திலும் யாக்கோபு 1ஆம் அதிகாரத்திலும் ‘விசாரித்தல்’ என்று தமிழாக்கப்பட்டிருக்கிறது. நோயாளியை, திக்கற்ற பிள்ளையை, விதவையைப் போய் நலம் கேட்பது. நம் நாட்டுப்புறத்தில் ‘ஒரு வார்த்தை வந்து விசாரிக்கவில்லையே’ என்று மனம் நொந்து சொல்வார்கள் அல்லவா, அந்த விசாரிப்பு. பேராயர் என்னும் பதவிக்குரிய கிரேக்கச் சொல்லும் இவ்வேரினின்று பிறந்ததே என்பதை நம் திருமண்டலத் தேர்தல் காலங்களில் எவரேனும் நினைப்பூட்டினால் நன்றாயிருக்கும்.

இவ்வளவு செழுமையான சொல்லை எடுத்து, அதற்குள் ‘கணக்கில் இன்னும் சேராதோர்’ என்னும் பொருளை நாம் நிரப்பிவிட்டோம். திருமறையின் வழக்குப்படி ‘சந்திக்கப்படாத மக்கள்’ என்றால், ஆண்டவர் விசாரியாத மக்கள் என்று பொருள்படும். அப்படி ஒரு மக்கள் உண்டென்று எந்த இறையியலர் துணிந்து கூறுவார்? அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் எருசலேம் ஆலோசனைக் கூட்டத்தார் முன் யாக்கோபு பேசும்போது, புறவினத்தாரை ஆண்டவர் முதலாவது சந்தித்ததைப் பேதுரு விவரித்தார் என்கிறார். மூல மொழியில் அதே வினைச்சொல். எருசலேம் தீர்மானிப்பதற்கு முன்னமே, யோப்பாவிலிருந்து பேதுரு புறப்படுவதற்கு முன்னமே, கொர்நேலியுவின் வீடு விசாரிக்கப்பட்டாயிற்று. சந்திப்பை அறியாமற்போனவர்கள் என்று ஆண்டவர் கண்ணீரோடு கடிந்துகொண்ட நகரமோ, லூக்கா 19ஆம் அதிகாரத்தின்படி, ஆலயமும் ஆசாரியரும் நிறைந்த எருசலேம். இவ்விரு பகுதிகளையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கும் போதகர், அருட்பணி ஞாயிறன்று யாரைப் பார்த்துப் பேசுவார் என்பதை நாம் அறிய விரும்புகிறோம்.

எடுத்துக்காட்டு ஒன்றை விரிவாகக் காண்போம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7,94,697 பேர். கிறிஸ்தவர் 44,18,331 பேர். பழங்குடியினர் ஒருவருக்குக் கிறிஸ்தவர் ஐவருக்கும் மேல். ஆகவே ‘எண்ணிக்கையும் வளமும்’ இன்மையால் இச்சந்திப்பு நிகழவில்லை என்று எவரும் கூற இயலாது. இப்பழங்குடியினருள் இருளர் ஏறத்தாழ 1,90,000 பேர். மலைகளில் வாழ்வோர் போக, திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் மாவட்டங்களின் சமவெளிகளில் ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் வாழ்வோர் பலர். இவை மிஷனெரிமார் இருநூறு ஆண்டுகளாக நடமாடிய பகுதிகள். பள்ளிகளும் மருத்துவமனைகளும் கல்லூரிகளும் நிறைந்த பகுதிகள்.

இம்மக்களை எவரும் சந்திக்கவில்லை என்பது மெய்யன்று. அரிசி ஆலை முதலாளி சந்தித்தார். செங்கற்சூளைக்காரர் சந்தித்தார். மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் முன்பணம் கொடுத்துச் சந்தித்தார். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் நிறைவேறியும், அதற்குப் பின் பல பத்தாண்டுகளாக இம்மாவட்டங்களில் மீட்கப்பட்ட கொத்தடிமைகளுள் இருளர் மீண்டும் மீண்டும் இடம்பெற்றிருக்கின்றனர். காவல்துறையும் சந்தித்தது, களவு எங்கு நிகழ்ந்தாலும் முதலில் தேடப்படுவோர் இவர்களே என்னும் குறை நெடுநாளையது. 2021இல் ‘ஜெய்பீம்’ திரைப்படம் வெளிவந்த பின்னரே நம் சபையாருள் பலர் இச்சமூகத்தின் பெயரைக் காதாரக் கேட்டனர் எனலாம். அதற்குப் பின் சில காலம் அருளுரைகளிலும் அப்பெயர் ஒலித்தது. நம் வினா இதுதான்: ஆலை முதலாளியும் சூளைக்காரரும் ஒப்பந்தக்காரரும் எச்சபைப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள்தாமா? இதற்கு விடை ஒவ்வொரு சேகரத்திலும் வேறுபடும். ஆனால் வினாவைக் கேட்காமல் கைப்பிரதியோடு ஏரிக்கரைக்குச் செல்லும் ஊழியர், அம்மக்களுடைய நினைவில் எவருடைய முகத்தோடு சேர்த்து எண்ணப்படுவார் என்பதைச் சிந்திக்கவில்லை.

அவர்கள் நம்மைச் சந்தித்ததையும் கூற வேண்டும். பாம்புத்தோல் வணிகம் தடை செய்யப்பட்டபின் பிழைப்பிழந்த இருளர், 1978இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். இந்தியாவில் ஆக்கப்படும் நஞ்சுமுறி மருந்துக்குத் தேவையான நஞ்சில் பெரும்பங்கு நெடுங்காலமாக அங்கிருந்து சென்றிருக்கிறது. 2023இல் இச்சமூகத்தார் இருவருக்கு நடுவண் அரசு பத்மஸ்ரீ விருதளித்தது. நம் மிஷன் மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்கு மருந்தேற்றப் பெற்றுப் பிழைத்து, ஞாயிறன்று ஆலயத்தில் நன்றிக் காணிக்கை படைத்தவர்கள் எத்தனை பேர்! அம்மருந்துக் குப்பியில் யாருடைய கை இருக்கிறது என்பதை அந்த நன்றியறிதல் ஜெபத்தில் எவரும் குறிப்பிட்டதாக நாம் கேட்டதில்லை. இருளர் நம் நோய்ப்படுக்கையண்டை வந்து நம்மை விசாரித்துச் சென்றிருக்கின்றனர். இதன்பின் ‘நாம் எட்டுவோர், அவர்கள் எட்டப்படுவோர்’ என்னும் இலக்கணம் எவ்வாறு நிற்கும்?

அருளுரை வழக்குகளைக் குறித்தும் ஒன்று சொல்லியாக வேண்டும். இருளர் என்னும் பெயரையும் இருள் என்னும் சொல்லையும் இணைத்து, ‘இருளருக்கு வெளிச்சம்’, ‘இருளில் வாழும் இருளர்’ என்றெல்லாம் தலைப்பிடும் வழக்கம் நம்மிடையே மிகுதி. ஏசாயா 9ஆம் அதிகாரம் உடனே துணைக்கு அழைக்கப்படும். எதுகை மோனைக்கு மயங்கும் நம் தமிழ்ப் புத்தியை நாம் அறிவோம். ஆயினும் அச்சமூகத்துச் சிறுவன் ஒருவன் ஆலயப் பாயில் அமர்ந்து, தன் தாய் தந்தையரின் பெயரே பாவத்துக்கு மறுபெயராக ஒலிப்பதைக் கேட்கும்போது அவனுக்கு அறிவிக்கப்படுவது எந்த நற்செய்தி? எந்தச் சாதிப் பெயரையும் கொண்டு இவ்வாறு சிலேடை செய்ய நம் பிரசங்கிமார் துணிவதில்லை. அப்பெயருக்குரியோர் சபையில் இருக்கின்றனர், சேகரக் குழுவிலும் இருக்கின்றனர். இருளர் அங்கு இல்லை என்னும் தைரியமே இந்தச் சிலேடையைப் பிறப்பிக்கிறது.

களஊழிய அறிக்கைகளை ஆண்டுதோறும் படிக்கும் கடமை நமக்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் ஒருவர், தம் பணித்தளத்தில் ‘சந்திக்கப்படாத குடும்பங்கள் 40’ என்று குறித்து, அவற்றுள் 32 குடும்பங்களைச் சந்தித்துவிட்டதாக எழுதியிருந்தார். நேர்முகத் தேர்வில், அக்குடும்பங்களுள் ஒன்றன் தலைவர் பெயரைக் கூறும்படி கேட்டோம். அவரால் கூற இயலவில்லை. நல்ல மாணவர், பொய்யர் அல்லர். அவருக்குக் கொடுக்கப்பட்ட படிவத்தில் பெயர் எழுத இடமில்லை, எண் எழுத மட்டுமே கட்டமிருந்தது. லூக்கா 16ஆம் அதிகாரத்துச் செல்வனுக்குக்கூட வாசலில் கிடந்த லாசருவின் பெயர் தெரிந்திருந்தது. பாதாளத்தில் அவன் பெயர் சொல்லித்தான் கேட்கிறான்.

இதற்கு மாறான முன்மாதிரிகள் நம் நாட்டில் இல்லாமலில்லை. கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் துணைவியார் ஈவ்லினும் 1913 முதல் மலையாளிப் பழங்குடியினரிடையே வாழ்ந்தனர். மருத்துவம் பார்த்தனர், தோட்டப் பயிர் கற்பித்தனர், மலைமக்களைச் சுரண்டிய கீழ்நாட்டாரை எதிர்த்து நின்றனர். ஆண்டுகள் பல கழிந்தும் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. 1918, 1919ஆம் ஆண்டுகளின் கொடிய விஷக்காய்ச்சலின்போது, உற்றாரே அஞ்சி விலகிய குடிசைகளுக்குள் இவர்கள் கஞ்சியோடு சென்றனர். அவர்களை எதிர்த்து வந்த பூசாரி ஒருவர் சாகும் தறுவாயில் தம் குழந்தையை அவர்கள் கையில் ஒப்புவித்தார். அங்குதான் வாசல் திறந்தது. ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலால் மரித்தார். ஈவ்லின் அம்மையார் ஓய்வு வயது வந்தபின்னும் மலைக்கே திரும்பி, கல்வராயன் முதலிய பிற மலைகளிலும் உழைத்து, 1974இல் உயிர்நீத்தார். அவரைக் குறித்து டோரதி கிளார்க் வில்சன் 1976இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றை, அவ்வகை நூல்களுக்கே உரிய புகழுரைகளைக் கழித்துவிட்டு மாணவர்கள் வாசிக்க வேண்டும். முதல் ஆறேழு ஆண்டுகளின் அறிக்கையை இன்றைய படிவத்தில் நிரப்பினால் என்ன எழுதியிருப்பார்கள்? ‘சந்திக்கப்பட்டோர்: எவருமில்லை’ என்றுதான் எழுத நேர்ந்திருக்கும். அவ்வாண்டுகளே உண்மையான சந்திப்பின் ஆண்டுகள் என்பது நம் தீர்ப்பு.

இம்முன்மாதிரியிலும் ஒரு முள் உண்டு. கொல்லிமலை அடிவாரத்தில் தமிழ்க் கிறிஸ்தவர் வாழ்ந்த காலத்தில், மலையேறியவர்கள் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். இதே விந்தையை வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்விலும் காண்கிறோம். 1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவ மாணவர் கடல் கடந்து இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டிக்கு ஊழியர் அனுப்பி ஆதரிப்பதைக் கண்டார். நம் கரையிலுள்ள ஊரை அக்கரையிலிருந்தவர்கள் முதலில் கண்டனர்! அந்த நாணமே 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரிச் சங்கம் பிறக்கக் காரணங்களுள் ஒன்றாயிற்று. அச்சங்கமும் தன் முதற்பணித்தளத்தைத் தெலுங்கு நாட்டில் தெரிந்துகொண்டது. அதில் பிழையில்லை, தோர்ணக்கல்லின் கனிகள் அதற்குச் சாட்சி. 1910இல் எடின்பரோ மாநாட்டில் அசரியா மேல்நாட்டாரிடம் கேட்டது, உபகாரத்தைவிட நட்பை. தெலுங்கு கற்று, மாலா, மாதிகா மக்களிடையே வாழ்நாளைச் செலவிட்ட அவர் அக்கோரிக்கையைத் தாமே நிறைவேற்றியும் காட்டினார். தூரப்பணி செய்தவர்களை நாம் குறை கூறவில்லை. தூரம் சென்றால் சாதியைத் தற்காலிகமாக மறக்கலாம். அங்கே நாம் ‘தமிழர்’ அல்லது ‘மதராசி’ மாத்திரமே. அருகில் சென்றால் நம் தெருப்பெயர் நமக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிடும். அப்போஸ்தலர் 1:8இல் எருசலேமுக்கும் உலகின் எல்லைக்கும் நடுவில் சமாரியா நிற்பதை நம் அருட்பணி வரைபடங்கள் எளிதில் கடந்துவிடுகின்றன.

1981 பிப்ரவரியில் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள் திரளாக இஸ்லாத்தைத் தழுவியபோது நாடு முழுவதும் கொந்தளித்தது. பிற சமயத்தார் என்ன கூறினர் என்பது நம் பொருளன்று. இந்தியாவின் மிகப் பழைய புராட்டஸ்டண்டுச் சபைகள் சூழ்ந்த அம்மாவட்டத்தில், சாதியினின்று விடுதலை தேடிய மக்கள் நம் வாசலைத் தட்டாமல் கடந்து சென்றதேன் என்று நம் இறையியல் கல்விக்கூடங்கள் போதிய அளவு ஆராயவில்லை. அம்மக்கள் திருச்சபையை அறியாதவர்கள் அல்லர். நன்றாக அறிந்திருந்தார்கள். நம்மவர் கல்லறைத் தோட்டங்களில் சுவர் எங்கெங்கு ஓடுகிறது என்பதை அவர்களும் கண்டிருப்பார்கள்.

எனவே, ஒத்த இனத்தாருக்குத் தனித்தனிச் சபை என்னும் திட்டத்தை இருளர் நடுவிலும் நரிக்குறவர் நடுவிலும் நடைமுறைப்படுத்த முனைவோருக்கு நாம் கூற வேண்டியது ஒன்றுண்டு. தாய்மொழியில் ஆராதனை வேண்டும். வாக்ரிபோலியில் பாட்டும் ஜெபமும் வேண்டும். அச்சமூகத்தினின்றே போதகர் எழ வேண்டும். இவற்றில் மறுப்பில்லை. ஆனால் ‘அவர்கள் தனியாக இருக்கத்தான் விரும்புகிறார்கள்’ என்று நாம் சொல்லும்போது, அந்த விருப்பத்தை அவர்களிடம் கேட்டறிந்தோமா, அல்லது நம் விருப்பத்தை அவர்கள் வாயில் வைத்தோமா என்று ஆராய வேண்டும். மகாவ்ரன் பேசியது புதிதாக வருவோர் தாண்ட வேண்டிய எல்லையைக் குறித்து. பழைய சபையார் தாண்ட மறுக்கும் எல்லைக்கு அவருடைய கொள்கையில் இடமில்லை. அதை அங்கே ஒளித்து வைப்பது அவருக்கும் நாம் செய்யும் அநீதியாகும்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று ஆயர்கள் கேட்பர். பழங்குடியினருக்குரிய இனச்சான்றிதழுக்காக ஒரு குடும்பம் கோட்டாட்சியர் அலுவலகத்திற்கு எத்தனை முறை நடக்கிறது என்பதை உடன் நடந்து பார்க்கலாம். அச்சான்றிதழ் இல்லாமையால் பள்ளிப்படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் உண்டு. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தம் 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் பயனை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கப் படித்தவர் துணை வேண்டும். இதைச் செய்யும்போது மதமாற்றத்திற்கான தூண்டில் என்று ஐயுறுவோர் இருப்பர். 2002இல் தமிழகத்தில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இயற்றப்பட்டு 2004இல் கைவிடப்பட்ட வரலாறு நமக்கு நினைவிருக்கிறது. ஐயத்திற்கு இடமில்லாதபடி செய்ய ஒரே வழி, ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கும் பெற விரும்பாதவர்களுக்கும் அதே அளவு நடப்பதே. கொல்லிமலையில் அப்படித்தான் நடந்தார்கள்.

அக்குடும்பங்களுள் ஒன்று தானாகவே ஞானஸ்நானம் கேட்டு வருமாயின், அன்று கூடி ஆலோசிப்பது காலங்கடந்த செயல். அதற்கு முன்னமே சேகரக் குழு மூன்று காரியங்களை எழுத்தில் தீர்மானித்திருக்க வேண்டும்: திருவிருந்தில் அவர்கள் எவ்வரிசையில் முழந்தாளிடுவர், சேகரத் தேர்தலில் அவர்கள் பெயர் எப்பட்டியலில் ஏறும், அவர்களுடைய மரித்தோர் கல்லறைத் தோட்டத்தில் எப்பகுதியில் அடக்கம் பண்ணப்படுவர். இத்தீர்மானம் நிறைவேறாத சேகரங்களிலிருந்து கள ஊழியத்திற்கு மாணவர் வேண்டுமென்று விண்ணப்பம் வருமானால், அம்மாணவரை ஏரிக்கரைக்கு அனுப்பாமல், முதலாண்டு முழுவதும் ஆலயத்தாரிடமே ஊழியம் செய்ய அனுப்பலாம் என்பது நம் யோசனை.